எந்தத் தையல் மெஷின் வாங்குவது? ஒரு துணிப்பையோடு கடைக்குப் போங்கள்

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு முன்னறையில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தையல் வகுப்பு நடத்துகிறேன். அறையில் ஆறு மெஷின்கள்: காலால் மிதித்து ஓட்டும் கால் மெஷின் நான்கு, தூக்கிவைக்கக்கூடிய போர்ட்டபிள் ஒன்று, கம்பெனிகளில் ஓடும் வேகமான பவர் மெஷின் ஒன்று. மூன்றாம் மாதம் ஆகி, ஜாக்கெட்டுக்குக் கை ஏற்றும்போது சுருக்கம் விழாமல் வரத் தொடங்கியதும், ஒவ்வொரு பெண்ணும் என்னிடம் வந்து நிற்கிறாள். "அக்கா, நான் எந்த மெஷின் வாங்கட்டும்?"

நான் உடனே பெயர் சொல்வதில்லை. என்ன துணி தைக்கப் போகிறாய், நாளுக்கு எத்தனை மணி நேரம் உட்காருவாய், உன் வீட்டுப் பக்கம் மெஷின் பழுது பார்ப்பவர் யார் என்று கேட்கிறேன். முதல் இரண்டுக்கும் பதில் வரும். மூன்றாவதற்கு விழிப்பார்கள். எனக்கு முக்கியமான கேள்வி அதுதான்.

அதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். 2014இல் சீட்டு எடுத்த பணத்தில் ஒரு கம்ப்யூட்டர் மெஷின் வாங்கினேன். சின்னத் திரை, அறுபது விதத் தையல், பொத்தானை அழுத்தினால் காஜா (சட்டைப் பொத்தான் துளை) தானாக விழும். ஓர் ஆண்டு அழகாக ஓடியது. மறு தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது மின்சாரம் ஏறி இறங்கியதில் உள்ளே இருந்த போர்டு போய்விட்டது. சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். திரும்பி வந்தபோது கார்த்திகை தீபமே முடிந்திருந்தது. கையில் இருந்த நாற்பத்திரண்டு ஜாக்கெட்டுகளையும் அப்பாவின் பழைய கால் மெஷினில் தைத்துக் கொடுத்தேன்.

அப்பா புது மண்டபத்துத் தையல்காரர். மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய அந்தக் கல் மண்டபத்தில் தூணுக்குத் தூண் மெஷின் போட்டுத் தைத்த தலைமுறை அவருடையது. அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அப்பாவின் மெஷினில் நேர்த்தையல் ஒன்றுதான் வரும். பள்ளிச் சீருடை முதல் சாமிக்கு அணிவிக்கும் துணி வரை எல்லாவற்றையும் அவர் அந்த ஒரு தையலில்தான் தைத்தார். அது கெட்டால் சைக்கிளில் பத்து நிமிடத்தில் மெக்கானிக் வந்துவிடுவார். பையில் இருக்கும் ஸ்குரூ டிரைவரும் கொஞ்சம் எண்ணெயும் போதும்.

ஆகவே பெட்டியின் மேல் "21 விதத் தையல்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மெஷினைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வீட்டில் தைப்பவருக்கு நேர்த்தையல், வளைந்து வளைந்து விழும் ஜிக்ஜாக், காஜா மூன்றும் இருந்தால் ஏறக்குறைய எல்லாமே முடிந்துவிடும். மீதி இருப்பவை பூப்போட்ட அலங்காரத் தையல்கள். முதல் வாரம் குழந்தையின் கைக்குட்டையில் போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவோம்.

கால் மெஷின்

வருமானத்துக்காகத் தையல் தொடங்குகிற பெண்ணுக்கு இன்றைக்கும் நான் முதலில் சொல்வது கால் மெஷின்தான். ஸ்டாண்டு, மேசை எல்லாம் சேர்த்து மதுரைக் கடைகளில் ஏறத்தாழ ஏழாயிரத்திலிருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. உஷா, சிங்கர் போன்ற பெயர்களில் வாங்கலாம். லூதியானாவில் செய்த, அதிகம் கேள்விப்படாத பெயருள்ள தலைகள் (ஸ்டாண்டும் மேசையும் இல்லாத மெஷின் பாகம்) இன்னும் மலிவாக இருக்கும். லூதியானா தையல் மெஷின் தொழிலுக்கே பேர்போன ஊர் என்பதால் மலிவாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஆனால் அவற்றில் ஒன்றுக்கு இன்னொன்று தரம் மாறும். அதே கடையில் அதே பெயரில் மூன்று தலைகள் இருந்தால் மூன்றையும் சுற்றிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கடைக்காரர் "ஃபுல் ஷட்டில் வேண்டுமா, சாதா வேண்டுமா" என்று கேட்பார். சாதா மெஷினில் ஊசிக்குக் கீழே மேல் நூலையும் அடிநூலையும் பின்னும் ஷட்டில் அரைவட்டம் போய்த் திரும்பி வரும். ஃபுல் ஷட்டிலில் அது முழு வட்டமாகச் சுற்றும். ஒரு தையல் விழுவதற்குள் இரண்டு சுற்றுச் சுற்றிவிடும். அதனால் வேகமும் கூடும், சத்தமும் குறையும். நாள் முழுவதும் தைக்கிற தையல்காரர்கள் அதைத்தான் விரும்புவார்கள். வீட்டுத் தேவைக்கும், நாளுக்கு இரண்டு மூன்று ஜாக்கெட் தைப்பதற்கும் சாதா போதும். அதன் அடிநூல் சுற்றும் பாபினும் அதை வைக்கும் பாபின் கேஸும் எந்தச் சிற்றூர்க் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் என்பது பெரிய வசதி.

மிதித்துத் தைத்தால் முழங்கால் வலிக்கிறது என்பார்கள். உண்மைதான். என்னிடம் படித்த ஒரு பெண் சிசேரியன் முடிந்து ஐந்து மாதத்தில் வகுப்புக்கு வந்தாள். அவளால் பதினைந்து நிமிடத்துக்கு மேல் மிதிக்க முடியவில்லை. புது மெஷின் எதுவும் வாங்க வைக்காமல், அவள் மாமியாரின் கால் மெஷினுக்கே சின்ன மோட்டார் ஒன்று மாட்டச் சொன்னேன். கால் பெடலோடு சேர்த்து இரண்டாயிரம் ரூபாய் அளவில் முடிந்தது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மின்சாரம் போனால் மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பழைய தோல் பெல்ட்டை மாட்டி மிதிக்கலாம். ஆர்டர் நிற்காது.

போர்ட்டபிள் யாருக்கு

வீடு சிறியதாக இருந்தால், வேலை முடிந்ததும் மெஷினை எடுத்து அலமாரியில் வைக்க வேண்டியிருந்தால், கிழிசல் தைக்கவும் சுடிதாரைப் பிடிக்கவும் சேலைக்கு ஃபால்ஸ் வைக்கவும் வாரம் நாலைந்து மணி நேரமே உட்காருவீர்கள் என்றால், போர்ட்டபிள் வாங்குங்கள். ஒன்பதாயிரத்திலிருந்து பதினாறாயிரம் வரை ஆகும். ஐந்தாறு கிலோ எடை இருக்கும் என்பதால் தூக்கிவைக்கச் சிரமம் இல்லை. உஷா ஜனோம், சிங்கர், பிரதர் ஆகியவை இங்கே எளிதாகக் கிடைக்கின்றன. உதிரி பாகங்களும் வருகின்றன. ஜனோம் என்ற ஜப்பானியச் சொல்லுக்குப் பாம்பின் கண் என்று பொருள். அக்காலத்துப் படகு வடிவ ஷட்டிலுக்குப் பதிலாக வந்த வட்ட பாபின் அப்படித் தோன்றியதால் வந்த பெயர். வகுப்பில் பாபினைக் கையில் கொடுக்கும்போதெல்லாம் இதைச் சொல்வேன். பிறகு பாபினை யாரும் மறப்பதில்லை.

போர்ட்டபிளில் பாபின் முன்பக்கம் செருகும் வகையும், மேலிருந்து போடும் வகையும் உண்டு. மேலே போடும் வகையில் கண்ணாடி மூடி வழியாக நூல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியும். புதிதாகக் கற்பவருக்கு எளிது. அதில் மெஷினோடு வந்த மாதிரி பிளாஸ்டிக் பாபினைத்தான் போட வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கிற உலோகப் பாபினைப் போட்டுவிட்டு, நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறது என்று தூக்கிக்கொண்டு வருபவர்களை நான் மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

போர்ட்டபிளிடம் எதிர்பார்க்கக் கூடாதவையும் இருக்கின்றன. தினமும் ஆறு மணி நேரம் ஓட்டினால் மோட்டாரும் பெடலும் சூடேறும். ஜீன்ஸ் அடிமடிப்பில் நான்கு, ஐந்து மடிப்பு சேரும் இடத்தில் உறுமிக்கொண்டு நிற்கும். சேலை ஓரம் பிரியாமல் பிக்கோ போட்டுச் சம்பாதிக்கலாம் என்று நினைத்தால், நாளுக்கு ஒன்றிரண்டு சேலைக்குச் சரி. கல்யாண மாதத்தில் வரிசையாகச் சேலைகள் வந்தால் அதற்கென்று இருக்கும் ஜிக்ஜாக் மெஷின்தான் தாங்கும். இதைச் சொல்லும்போது சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. வாங்கிய பிறகு வாடுவதற்கு முன்பே வாடட்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஸ்டேப்ளர் மாதிரி கையில் பிடித்துத் தைக்கிற சின்ன மெஷின் ஒன்றை ஆன்லைனில் ஐநூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். அதை வாங்க வேண்டாம். அதில் நூல் ஒன்றுதான். அது சங்கிலித் தையல். முடிச்சுப் போடாத நுனியைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் சரசரவென்று பிரிந்துவிடும்.

பவர் மெஷின்

ஜூக்கி, ஜாக் போன்ற பெயர்களில் வரும் பவர் மெஷின்களில் நான் இங்கே சொல்பவை நேர்த்தையலுக்கு மட்டுமே உரியவை. சில மாடல்கள் நிமிடத்துக்கு ஐயாயிரம் தையல் வரை போகும். திருப்பூர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பெண்ணுக்கு இது கை வந்த கருவி. புதிதாகக் கற்றவர் உட்கார்ந்தால் துணி கையை விட்டு ஓடும். இரண்டு ஆண்டு தைத்து, ஆர்டர் குவிந்து, கால் மெஷினில் முடிக்க முடியவில்லை என்ற நிலை வரும்போது இதை வாங்குங்கள். மேசை, மோட்டாரோடு இருபதாயிரத்திலிருந்து முப்பதாயிரம் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் மோட்டாரைக் கவனியுங்கள். பழைய கிளட்ச் மோட்டார், சுவிட்சைப் போட்டதிலிருந்து நீங்கள் தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். இரைச்சலும் உண்டு, மின் கட்டணமும் ஏறும். சர்வோ மோட்டார் மிதிக்கும்போது மட்டுமே சுற்றும். வேகத்தையும் குறைத்து வைத்துக்கொள்ளலாம். புதுசு வாங்கினால் சர்வோதான். பழைய கிளட்ச் மெஷின் மலிவாகக் கிடைத்தால், பிறகு சர்வோ மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஊசியும் வேறு: வீட்டு மெஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பவர் மெஷின் ஊசி முழு உருண்டை. ஒன்றை மற்றொன்றில் போட முடியாது.

பனியன் துணி, நைட்டி, டி-ஷர்ட் தைக்கப் போகிறவர்கள் எந்த மெஷின் வாங்கினாலும் துணியின் ஓரத்தைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் பற்றியும் யோசிக்க வேண்டும். நேர்த்தையல் இழுபடாது, இழுக்கும் துணியோடு சேர்ந்து இழுத்தால் நூல் பட்டென்று அறும். கால் மெஷினோடு வைத்துக்கொள்ளச் சின்ன ஓவர்லாக் நான்காயிரம், ஐந்தாயிரம் ரூபாய்க்கு வருகிறது. அதுவரை போர்ட்டபிளின் ஜிக்ஜாக்கில் ஓரம் அடித்துச் சமாளிக்கலாம்.

துணிப்பையில் என்ன இருக்க வேண்டும்

இதுதான் நான் எல்லோரையும் வற்புறுத்திச் செய்ய வைப்பது. கடையில் மெஷினைக் காட்டும்போது மொடமொடப்பான வெள்ளைத் துணி ஒன்றைக் கொடுத்துத் தைத்துக் காட்டுவார்கள். அந்தத் துணியில் எந்த மெஷினும் அழகாகத் தைக்கும். நீங்கள் வீட்டிலிருந்து ஒரு பை கொண்டுபோங்கள். அதில் பாப்ளின் துண்டு ஒன்று, ஜார்ஜெட்டோ ஷிஃபானோ கொஞ்சம், லைனிங்கும் கழுத்துக் கேன்வாஸும் வைத்த பட்டு ஜாக்கெட் துண்டு, பழைய ஜீன்ஸின் அடிப்பகுதி, பனியன் துணி ஆகியவை இருக்கட்டும். சிவப்பு நூல்கண்டு ஒன்றும் வெள்ளை நூல்கண்டு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் நூல் சிவப்பு, பாபினில் வெள்ளை. ஒரு சாண் தைத்துத் துணியைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் சிவப்புப் புள்ளி தெரிந்தால் மேல் டென்ஷன், அதாவது மேல் நூலின் இழுவிசை, தளர்ந்திருக்கிறது. மேல்பக்கம் வெள்ளை எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் இறுக்கம். டென்ஷன் திருகைத் திருப்பி இரண்டையும் சரிசெய்ய முடிகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். ஒரே நிற நூலில் இந்தக் குறை கண்ணுக்கே தெரியாது.

பிறகு ஜார்ஜெட். துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் துணி இழுபட்டுக் குழிக்குள் போகிறதா, சுருங்குகிறதா? இதற்கு ஊசி 11ஆம் எண்ணுக்கு மாற்றச் சொல்லுங்கள். 16ஆம் எண் ஊசியில் ஜார்ஜெட்டைத் தைத்துவிட்டு மெஷினைக் குறை சொல்லக் கூடாது. சாதாப் பருத்திக்கு 14, கனத்த துணிக்கு 16, ஜீன்ஸுக்கு 18. ஜீன்ஸ் மடிப்பை மிக மெதுவாகத் தையுங்கள். வேகத்தில் எல்லா மோட்டாரும் குத்திவிடும். பெடலை லேசாக மிதித்து, ஒவ்வொரு தையலாக அந்தத் தடிப்பில் ஏற முடிகிறதா என்பதில்தான் மோட்டாரின் பலம் தெரியும். ஜாக்கெட் கழுத்து வளைவுக்கும் இந்த மெதுவான ஓட்டம்தான் வேண்டும். ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி மறுபடி தொடங்கிப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். இவ்வளவு பணம் கொடுத்து வாங்குகிறவருக்கு அரை மணி நேரம் உட்கார உரிமை உண்டு.

பழைய மெஷின்

மூவாயிரம் ரூபாய்க்குப் பழைய கால் மெஷின் கிடைக்கிறது என்று தயங்கிக்கொண்டே கேட்பார்கள். தயக்கமே வேண்டாம், நல்ல பழைய தலை ஒன்று மலிவான புதுத் தலை இரண்டுக்குச் சமம். ஆனால் பார்த்து வாங்க வேண்டும். நூல் கோக்காமல் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் தட்டினாலோ கனத்தாலோ காரணம் கேளுங்கள். ஊசிக் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஆடக் கூடாது. பாதத்தைத் தூக்கிப் பற்களை விரலால் தடவுங்கள். மழுங்கியிருந்தால் துணி நகராது. அது மாற்றக்கூடிய பாகம்தான், விலையைக் குறைக்கலாம். ஷட்டிலின் கூர்முனையில் கீறலோ துருவோ இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாகச் சுண்டுங்கள்: கொஞ்சம் இறங்கி நின்றால் சரி, கடகடவென்று தரைக்கு ஓடினால் அதன் தகடு தளர்ந்திருக்கிறது.

தலையைச் சாய்த்து அடியில் பாருங்கள். பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி படிந்திருந்தால் யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். நம் வீடுகளில் இது மிகவும் சாதாரணம். காய்ந்தால் அது கோந்தாகி மெஷினைப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக் மண்ணெண்ணெய் விட்டு ஓட்டிக் கழுவித் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்காக ஒரு நல்ல தலையைத் தள்ளிவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் தவிர்க்கலாம். தகட்டை நகர்த்திப் பார்க்கும்போது வட்ட பாபினுக்குப் பதில் படகு மாதிரி ஷட்டிலும், அதற்குள் நீளமான குச்சி போன்ற பாபினும் இருந்தால் அது மிகப் பழைய வகை. என் அத்தை வீட்டில் அப்படி ஒரு சிங்கர் கை மெஷின் இருக்கிறது. அதன் எண் ஆங்கில ஒய் எழுத்தில் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் 1920களிலோ 1930களின் முதல் பாதியிலோ செய்தது. இன்னும் தைக்கிறது, பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த நீள பாபின் ஒன்று தொலைந்தபோது நான் எத்தனை கடை ஏறினேன் என்பது எனக்குத்தான் தெரியும். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், தொழிலுக்கு வேண்டாம்.

பணம்

என் கணக்கு எளிமையானது. லைனிங் ஜாக்கெட்டுக்கு நான் 300 ரூபாய் வாங்குகிறேன். நூல், லைனிங், கொக்கி போக 200 ரூபாயாவது நிற்கிறது. புதிதாகத் தொடங்கும் பெண் 150 ரூபாய் மிச்சம் பிடித்தால்கூட, ஒன்பதாயிரம் ரூபாய்க் கால் மெஷினை அறுபது ஜாக்கெட்டில் மீட்டுவிடலாம். முப்பதாயிரம் ரூபாய் மெஷினுக்கு இருநூறு ஜாக்கெட் வேண்டும். இருநூறு ஜாக்கெட் தைத்துக் கொடுக்க உங்கள் தெருவில் ஆட்கள் இருக்கிறார்களா என்று நேர்மையாக எண்ணிப் பார்த்துவிட்டுத் தவணைக் கையெழுத்துப் போடுங்கள். மெஷின் விலையிலேயே எல்லாப் பணத்தையும் செலவழித்துவிடாமல், நல்ல கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, முதுகு வலிக்காத உயரத்தில் ஒரு நாற்காலி ஆகியவற்றுக்கு இரண்டாயிரம் ரூபாயாவது ஒதுக்குங்கள்.

கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், வறுமையில் இருக்கும் பெண்கள் ஆகியோருக்குத் தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. வயது 20 முதல் 40க்குள் இருக்க வேண்டும். தையல் தெரியும் என்பதற்குச் சான்றிதழ் கேட்பார்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். என் மாணவிகளில் நான்கு பேர் அப்படி மெஷின் வாங்கி இன்றும் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாற்பது வயது தாண்டிய பிறகு கேட்டு வருந்துகிறவர்களையும் பார்க்கிறேன். அதனால்தான் வகுப்பில் சேரும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு

மெஷினோடு வரும் வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். இனாம் சர்வீஸ் எத்தனை, வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதை அட்டையின் பின்புறம் எழுதச் சொல்லுங்கள். கால் மெஷினானால் முதல் வாரம் தினமும் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, கழிவுத் துணியில் கொஞ்சம் ஓட்டித் துடைத்துவிட்டுப் பிறகு நல்ல துணியை வையுங்கள். போர்ட்டபிளில் கையேட்டில் காட்டிய இடங்களைத் தவிர வேறெங்கும் எண்ணெய் விட வேண்டாம். அப்புறம், மெக்கானிக்கின் போன் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி மேசை டிராயரின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். என் ஆறு மெஷின்களிலும் அது ஒட்டியிருக்கிறது. அப்பாவின் மெஷினில் அவர் கையெழுத்திலேயே ஆறு இலக்க எண் ஒன்று, அதற்குக் கீழே நான் எழுதிய பத்து இலக்க எண்.